சுவருக்கு 4096 சாம்பிளும் போதவில்லை, கம்பளத்துக்கு 100-ஏ அதிகம்: ஏன்?

சுவர்க்கோழி | 03-02-2025, இரவு 11:20

பிளெண்டர்ங்கற 3டி மென்பொருள்ல, அதோட சைக்கிள்ஸ் ரெண்டரர்ல (கதிர் கதிரா ஒளியைக் கணக்குப் போட்டுப் படம் வரையறது) ஒரு கூடம். ஜன்னல் வழியா வெயில், வெள்ளைப் பூச்சுச் சுவர், தரையில முரட்டுக் கம்பளம், பிரம்பு நாற்காலி, மேஜை மேல தண்ணி நிறைஞ்ச கண்ணாடி டம்ளர். நாய்ஸ் த்ரெஷோல்ட் (பிக்சல்ல மிஞ்சற பொடிப்புள்ளிப் பிழை இதுக்குக் கீழ போனா நிறுத்தற எல்லை) 0.01, பிக்சலுக்கு அதிகபட்சம் 4096 சாம்பிள் (ஒரு சாம்பிள்னா ஒரு கதிரை அனுப்பிப் பாக்கறது), கடைசியில டினாய்சர் (மிஞ்சின நாய்ஸைத் துடைக்கிறது). கம்பளம் 100 சாம்பிள்லயே சுத்தமா இருக்கு. சுவர் கடைசி வரைக்கும் திட்டுத் திட்டா. கண்ணு எதைப் பாக்குமோ அதுக்கு மட்டும் சாம்பிள் போட்டு மத்ததை விட்டுட்டா நேரம் பாதியாகாதா? மனுசக் கண்ணை ஏமாத்துறதுதானே நம்ம வேலையே.

அரைநிழல் | 04-02-2025, காலை 7:05

ஏமாற்றலாம். ஆனால் "எதைப் பார்க்கும்" என்று தொடங்கினால் வழி தவறும். "எந்த அளவுப் பிழை தெரியும், எந்த அளவுப் பிழை தெரியாது" என்று தொடங்குங்கள்.

முதலில் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். 24 அங்குல 1080 திரையின் அகலம் 53.1 செ.மீ., அதில் 1920 பிக்சல், ஒரு பிக்சல் 0.277 மி.மீ. கண்ணுக்கும் திரைக்கும் 60 செ.மீ. இருந்தால் பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரி என்பது திரையில் 1.047 செ.மீ. ஆக டிகிரிக்கு 38 பிக்சல். இனி எல்லாக் கணக்கும் இந்த 38-இல் இருந்துதான். அந்தத் திரையால் காட்ட முடிந்த மிக நுண்ணிய கோடு டிகிரிக்கு 19 சுற்று: ஒரு பிக்சல் வெள்ளை, ஒரு பிக்சல் கறுப்பு.

நல்ல வெளிச்சத்தில் கண்ணின் கான்ட்ராஸ்ட் உணர்திறன் (வெளிச்ச வேறுபாட்டைப் பிடிக்கும் திறன்) டிகிரிக்கு 2 முதல் 5 சுற்றுவரை உச்சத்தில் இருக்கும். அதற்கு மேலே சடாரென்று இறங்கும், கீழேயும் இறங்கும். கேம்பலும் ராப்சனும் 1968-இல் அளந்து காட்டிய வளைவு இது. உங்கள் திரையில் 2–5 சுற்று என்றால் சுமார் 8 முதல் 19 பிக்சலுக்கு ஒருமுறை மங்கி வெளுக்கும் திட்டு. சுவரில் நீங்கள் பார்க்கும் திட்டின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள். இந்த எல்லைக்குள்தான் இருக்கும் என்று பந்தயம்.

சுவர்க்கோழி | 04-02-2025, இரவு 9:48

அளந்தேன். ஒரு வெளுப்புக்கும் அடுத்த வெளுப்புக்கும் நடுவுல 12லேருந்து 15 பிக்சல். பந்தயத்துல தோத்தாச்சு.

அரைநிழல் | 05-02-2025, காலை 6:50

அந்த 0.01-ஐப் பார்ப்போம். பலர் இதை "ஒரு சதவீதப் பிழை" என்று படிக்கிறார்கள். அப்படி இல்லை.

சைக்கிள்ஸின் இந்த முறைக்கு மூலம் 2010-இல் டாமர்ட்ஸ் குழு எழுதிய நிறுத்த விதி. ஒவ்வொரு பிக்சலுக்கும் இரண்டு சராசரிகள்: எல்லாச் சாம்பிளின் சராசரி, பாதிச் சாம்பிளின் சராசரி. மூன்று நிறங்களிலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டி, பிரகாசக் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். விடை த்ரெஷோல்டுக்குக் கீழே போனால் அந்தப் பிக்சலுக்கு ஓய்வு.

ஏன் வர்க்கமூலம்? திரையின் காமா (பிரகாசத்தைத் திரை மதிப்பாக மாற்றும் வளைவு) 1/2.2. அந்த வளைவின் சரிவு பிரகாசத்தின் −0.545 அடுக்கு, கிட்டத்தட்ட வர்க்கமூலத்தால் வகுப்பதுதான். அதாவது விதி பிழையை அளப்பது காட்சியில் அல்ல, திரையில். 0.01-ஐ வைத்து ஒரு சாம்பல் பிக்சலுக்குக் கணக்குப் போட்டால்: பிரகாசம் 0.18-இல் அனுமதிக்கும் பிழை 1.4 சதவீதம், 0.01-இல் 5.8 சதவீதம், 1.0-இல் 0.58 சதவீதம். சதவீதமாகப் பார்த்தால் எங்கெங்கோ ஓடுகிறது. 8 பிட் எஸ்ஆர்ஜிபி மதிப்பாக (திரைக்குப் போகும் 0–255 எண்) மாற்றினால் முறையே 0.75, 0.95, 0.65 படி. 255 படிகளில் ஒரு படிக்குள் என்பதுதான் 0.01-இன் உண்மையான பொருள்.

தனிப் பிக்சலில் ஒரு படி வித்தியாசம் யார் கண்ணுக்கும் படாது. உங்கள் கம்பளத்துக்கு 0.01 ஊதாரித்தனம். சாம்பிள் எண்ணிக்கை பிழையின் வர்க்கத்துக்கு எதிராக ஓடுவதால் 0.03 வைத்தால் ஒன்பதில் ஒரு பங்கு வேலை போதும்.

ஓரக்கண் | 05-02-2025, மதியம் 1:15

வர்க்கமூலக் கதை எல்லாம் சரி. வியூ டிரான்ஸ்ஃபார்ம் (கணக்குப் போட்ட ஒளியைத் திரை நிறமா மாத்துற அமைப்பு) ஏஜிஎக்ஸ்ல இருந்தா உங்க 0.75 படி, 0.65 படி எல்லாம் காத்துல போச்சு. அது வெறும் காமா இல்லியே.

அரைநிழல் | 05-02-2025, மதியம் 1:40

ஒப்புக்கொள்கிறேன், மேலே உள்ள எண்கள் ஸ்டாண்டர்ட் வியூவுக்கு மட்டும். ஏஜிஎக்ஸ் உச்ச வெளிச்சத்தை அமுக்குகிறது. அதனால் ஜன்னல் ஓரத்துப் பளிச்சிடும் பகுதிக்கு அங்கே தேவைக்கு மேல் சாம்பிள் போகும். நடுச் சாம்பலில் ஓரளவு பொருந்தும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. இருட்டாக ரெண்டர் செய்துவிட்டு, கலர் மேனேஜ்மென்டில் எக்ஸ்போஷரை 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) ஏற்றுவது. பிரகாசம் 4 மடங்கு, பிழையும் 4 மடங்கு, வர்க்கமூலத்தால் வகுத்தால் திரையில் பிழை இரண்டு மடங்கு. நிறுத்த விதிக்கு இது தெரியாது, அது பழைய இருட்டைப் பார்த்து முன்பே கடையைக் கட்டிவிட்டது. அப்படி ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் த்ரெஷோல்டைப் பாதியாக்குங்கள். நான்கு மடங்கு சாம்பிள் கேட்கும். அதற்கு விளக்கின் வெளிச்சத்தையே முதலில் ஏற்றிவிடலாம்.

ஓரக்கண் | 06-02-2025, இரவு 10:02

நாய்ஸ் நாய்ஸ்னு நூறு தடவை எழுதியாச்சு. தமிழ்ல "இரைச்சல்"னு போடுங்கய்யா, படத்துக்கு நாய் பிடிச்ச மாதிரி இருக்கு.

அரைநிழல் | 06-02-2025, இரவு 10:30

படத்தில் சத்தம் எங்கே வந்தது என்று கேட்பார்கள். நாய்ஸே இருக்கட்டும், குரைக்காத நாய்தான்.

கம்பள விஷயம். ஒரே அளவுக் கோடுகள் பின்னணியில் இருந்தால், அதே அளவுப் பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும். மறைப்பு விளைவு என்று இதைச் சொல்லலாம். லெக், ஃபோலி இருவரின் 1980 அளவீட்டை ஒட்டி, பின்னணிக் கான்ட்ராஸ்ட் 10 மடங்கு ஏறினால் பிழை புலப்படும் எல்லை 4 முதல் 5 மடங்கு ஏறும் என்று கொள்ளலாம். 4.5 மடங்கு பிழை அனுமதி என்றால் சாம்பிள் 20-இல் ஒரு பங்கு. காசு இருப்பது இங்கேதான்.

1987-இல் மிட்செல் இதன் எளிய வடிவத்தைச் செய்தார்: அக்கம்பக்கச் சாம்பிள்களின் கான்ட்ராஸ்ட் சிவப்பில் 0.4, பச்சையில் 0.3, நீலத்தில் 0.6 தாண்டினால்தான் கூடுதல் சாம்பிள். பச்சைக்குக் கண்டிப்பு, நீலத்துக்குச் சலுகை. பிறகு 1999-இல் கார்னெல்லில் ராமசுப்ரமணியன், பட்டநாயக், கிரீன்பெர்க் மூவரும் முழுக் கணக்காகவே கொண்டுவந்தார்கள். நேரடி ஒளியை முதலில் போடு, மறைமுக ஒளிக்கு (சுவர், தரையில் பட்டுத் திரும்பி வருவது) பதில் தோராயமான ஒரு பொது வெளிச்சம் சேர், அந்த அரைகுறைப் படத்திலிருந்தே ஒவ்வொரு பிக்சலுக்கும் பிழை அனுமதி வரைபடம் எடு, பிறகு விலை உயர்ந்த மறைமுக ஒளியை அந்த அனுமதி தீரும் வரை மட்டும் கணக்கிடு. புத்திசாலித்தனம் எங்கே என்றால், கண்ணின் மாதிரியை ஒரே ஒரு முறை ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டினால் மிச்சம் பிடித்த நேரத்தை மாதிரியே தின்றுவிடும்.

சைக்கிள்ஸில் பொருளுக்குப் பொருள் த்ரெஷோல்ட் கிடையாது. கைவைத்தியம்: முழுப் படத்தையும் 0.03-இல் ரெண்டர் செய்து மல்டிலேயர் இஎக்ஸ்ஆராக (பல அடுக்கு வைக்கும் படக் கோப்பு) சேமியுங்கள், கிரிப்டோமேட் பாஸோடு (எந்தப் பிக்சல் எந்தப் பொருள் என்று சொல்லும் அடுக்கு). பிறகு கன்ட்ரோல் பி அழுத்திச் சுவர் இருக்கும் பகுதியை மட்டும் வளைத்து, 0.006-இல் இன்னொரு முறை. கம்பாசிட்டரில் கிரிப்டோமேட்டை முகமூடியாக வைத்து ஒட்டுங்கள். டினாய்சர் ஒட்டிய பிறகுதான் ஓட வேண்டும். தனித்தனியாக ஓட்டி ஒட்டினால் விளிம்பில் கோடு விழும்.

சுவர்க்கோழி | 08-02-2025, மாலை 6:33

செஞ்சு பாத்தேன். கம்பளம், நாற்காலி 0.03ல கொஞ்சமும் வித்தியாசம் தெரியல. மொத்த நேரம் 41 நிமிஷத்துலேருந்து 17க்கு வந்துடுச்சு. சுவர்ல திட்டு குறைஞ்சிருக்கு, போகல. அதைவிட வேடிக்கை, டினாய்சரை அணைச்சா சுவர் மணல் மணலா இருக்கு ஆனா பாக்க நல்லா இருக்கு. போட்டா வழவழன்னு இருக்கு, திட்டு உறுத்துது.

அரைநிழல் | 09-02-2025, காலை 8:10

இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். 5-ஆம் தேதிக் குறிப்பில் "ஒரு படி தெரியாது" என்றது தனிப் பிக்சலுக்கு. 12 பிக்சல் அகலத் திட்டு முழுவதும் ஒரே திசையில் ஒரு படி ஏறியிருந்தால் தெரியும். பிழையின் அளவைவிட அதன் அதிர்வெண் முக்கியம் என்பதை நானே என் கணக்கில் விட்டுவிட்டேன்.

நடப்பது இது. மான்டே கார்லோ பிழை (கதிர்களைக் குலுக்கல் முறையில் அனுப்புவதால் வரும் நாய்ஸ்) எல்லா அதிர்வெண்ணிலும் சமமாகப் பரவி இருக்கும். டினாய்சர் நுண்ணிய பகுதியைத் துடைத்து விடுகிறது, அகலமான பகுதியை அதனால் தொட முடியாது. நிறப் பாஸும் நார்மல் பாஸும் (பரப்பு எந்தத் திசை பார்க்கிறது என்று சொல்லும் அடுக்கு) வழிகாட்டும் இடத்தில் அது தப்பிக்கும். வெள்ளைச் சுவரில் இரண்டும் தட்டை, வழிகாட்ட ஒன்றுமில்லை. மொத்தப் பிழை குறைந்துவிட்டது, மிஞ்சியது மட்டும் சரியாகக் கண்ணின் உச்ச உணர்திறனில் வந்து உட்கார்ந்துகொண்டது. மணலை அள்ளிக் கொட்டிவிட்டுக் கூழாங்கல்லை விட்டுப்போன கதை.

நிறத்திலும் இதே. நிறத்துக்கான கண்ணின் உணர்திறன் நுண்ணிய அளவில் மிகச் சீக்கிரம் செத்துப்போகும், அகலமான அளவில் சாகாது. வண்ணப் பொடி நாய்ஸ் தெரியாது. அதையே டினாய்சர் பரப்பி இளஞ்சிவப்பு, இளம்பச்சைத் திட்டாக்கினால் சுவரில் ஈரம் கசிந்த மாதிரித் தெரியும்.

சுவருக்கு மூன்று மருந்து. ஒன்று, நாய்ஸ் பிறக்கும் இடத்தில் அடிப்பது: ஜன்னலில் ஏரியா லைட்டைப் போர்ட்டலாக (வெளியொளி வரும் வாசல் எது என்று சைக்கிள்ஸுக்குக் காட்டுவது) வையுங்கள், சிபியூவில் ஓட்டுவதாக இருந்தால் பாத் கைடிங் (ஒளி வரும் திசையைக் கற்றுக் கதிரை அங்கே அனுப்பும் முறை) போடுங்கள். இரண்டு, டினாய்சர் விடையையும் மூலப் படத்தையும் 70:30 கலப்பது. மிஞ்சும் மணல் திட்டை மறைக்கும், கம்பளத்தில் நடந்த அதே மறைப்புத்தான். மூன்றாவது, டினாய்சரே இல்லாமல் நீல நாய்ஸ். அதற்குத் தனிக் குறிப்பு வேண்டும்.

அரைநிழல் | 09-02-2025, இரவு 9:20

நீல நாய்ஸ். "நீலம்" என்றால் நிறம் இல்லை, அகல அதிர்வெண் நீக்கிய, நுண்ணியது மட்டும் மிஞ்சிய நாய்ஸ். பிழையின் அளவு அதேதான். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களில் ஒன்று கூடினால் மற்றது குறையும்படி அடுக்கி வைத்திருப்பார்கள். கண் தானாகவே சராசரி எடுத்துக்கொள்ளும். இலவச டினாய்சர் நம் தலைக்குள் இருக்கிறது.

அச்சுத் துறையில் யூலிக்னி 1988-இல் இதைப் புள்ளி வைக்கப் பயன்படுத்தினார். பாத் டிரேசிங்கில் (சைக்கிள்ஸ் செய்யும் கதிர்க் கணக்கு) 2016-இல் ஜார்ஜியேவும் ஃபஹார்தோவும் கொண்டுவந்தார்கள், 2019-இல் ஹைட்ஸ், பெல்கூர் பிக்சல்களின் விதை எண்களை (குலுக்கலைத் தொடங்கிவைக்கும் எண்கள்) இடம் மாற்றியே சாதித்தார்கள். அதற்கெல்லாம் முன்னோடி குரங்கு. 1983-இல் யெல்லட் ரீசஸ் குரங்கின் விழித்திரையில் மையத்துக்கு வெளியே உள்ள கூம்பு செல்கள் இப்படித்தான் பரவியிருக்கின்றன என்று காட்டினார்: ஒழுங்கான கட்டமும் இல்லை, கண்டபடியும் இல்லை.

பிளெண்டர் 4 வரிசையில் சாம்பிளிங் பேட்டர்னில் இது வந்துவிட்டது. எங்கே சொதப்பும்? படத்தைச் சிறிதாக்கினாலோ பெரிதாக்கினாலோ அடுக்கு கலைந்துவிடும், 100 சதவீத அளவில் மட்டுமே பலன். வீடியோவாக அமுக்கி ஏற்றினால் கோடெக் முதலில் தின்பது இந்த நுண்ணிய மணலைத்தான், தின்று கட்டம் கட்டமாகத் துப்பும். சாம்பிள் குறைவாக இருக்கும்போதுதான் ஆதாயம், ஆயிரங்களுக்குப் போனால் வித்தியாசம் கரைந்துவிடும். பிறகு டினாய்சர் போடுவதாக இருந்தால், பெரும்பாலான டினாய்சர்கள் பிக்சலுக்குப் பிக்சல் தொடர்பில்லாத நாய்ஸைப் பார்த்துப் பழகியவை. சேர்க்கை ஒத்துப்போகிறதா என்று சிறு கட்டம் ரெண்டர் செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓரக்கண் | 10-02-2025, காலை 11:50

முதல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலியே. கண்ணு பாக்கற இடத்துக்கு மட்டும் சாம்பிள்?

அரைநிழல் | 10-02-2025, மதியம் 2:25

கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட 2 டிகிரி. கூர்மையாகத் தெரிவது அவ்வளவுதான். உங்கள் 24 அங்குலத் திரையில் அது 76 பிக்சல் குறுக்களவு வட்டம், சுமார் 4500 பிக்சல், 20 லட்சத்தில் 0.22 சதவீதம். கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவும். நிலைப்படத்தில் இந்த 0.22 எங்கே போகும் என்று தெரியாது.

விழித்தடம் காணும் கருவி இருந்தால் கதை வேறு. 2012-இல் குன்டர் குழு மூன்று அடுக்காக, நடுவில் கூர்மை, வெளியே மங்கல் என்று போட்டு, சாதாரண எச்டி திரையிலேயே 5–6 மடங்கு வேகம் காட்டினார்கள். விஆரில் பிளேஸ்டேஷன் விஆர்2, ஆப்பிள் விஷன் புரோ இரண்டும் இதைச் செய்கின்றன. கண் தாவி நின்ற பிறகு படம் வந்து சேர 50–70 மில்லிநொடி தாமதம்வரை பொறுக்கலாம் என்பது 2017-இல் வந்த ஆய்வு. விழித்தடக் கருவியே 80–150 எடுத்துக்கொண்டால் மங்கலாக்கும் அளவைக் கடுமையாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

இதில் எல்லோரும் செய்யும் தப்பு, ஓரத்தை வெறுமனே மங்கலாக்குவது. ஓரப் பார்வைக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது, கான்ட்ராஸ்ட் குறைந்தால் மட்டும் தெரியும். குழாய் வழியாகப் பார்ப்பது போல் ஆகிவிடும். 2016-இல் பட்னி குழு கான்ட்ராஸ்டைத் திரும்ப ஏற்றி இதைச் சரிசெய்தார்கள். இன்னொன்று, ஓரப் பார்வை மினுக்கலை நன்றாகப் பிடிக்கும். அங்கே சாம்பிளைக் குறைத்து, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நாய்ஸ் மாறவும் விட்டால் எறும்பு ஊர்வதாகத் தோன்றும்.

ஓரக்கண் | 10-02-2025, மதியம் 2:41

என் பேருக்கு இவ்வளவு பெருமையா. அப்போ சேலியன்சி மேப்? கருவி இல்லாம எங்க பாப்பாங்கன்னு கணிக்கறது?

அரைநிழல் | 10-02-2025, இரவு 8:15

இட்டி, கோச், நீபர் 1998. நிறம், பிரகாசம், திசை இவற்றில் சுற்றத்திலிருந்து துருத்தி நிற்பதைக் கண்டுபிடிக்கும். 2001-இல் யீ, பட்டநாயக், கிரீன்பெர்க் இதை அனிமேஷன் ரெண்டருக்குச் சேர்த்தார்கள். ஆனால் பார்ப்பவருக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் கணிப்பு கவிழ்ந்துவிடும். 2003-இல் கேட்டர், சாமர்ஸ், வார்ட் மூவரும் அதையே ஆதாயமாக்கினார்கள்: வேலை சம்பந்தப்பட்ட பொருளுக்கு மட்டும் தரம், மற்றதற்கு மட்டம். வேலையில் மூழ்கியவர்கள் கவனிக்கவில்லை. விளையாட்டுக்கு நல்லது. கட்டட விளக்கப் படத்துக்கு வேண்டாம். அங்கே பார்ப்பவரின் ஒரே வேலை குறை கண்டுபிடிப்பது.

சுவர்க்கோழி | 12-02-2025, இரவு 11:05

அடுத்து இதே கூடத்துல கேமரா நகர்ற 6 நொடி. ஓடற படத்துல கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சாம்பிளை இன்னும் குறைக்கலாமா?

அரைநிழல் | 13-02-2025, காலை 7:30

அவசரப்படாதீர்கள். திரையில் ஓடுவது விழித்திரையில் ஓட வேண்டியதில்லை. கண் துரத்தும். டேலி 1998-இல் கொடுத்த கணக்கு: கண்ணின் வேகம் = பொருளின் வேகத்தில் 0.82 பங்கு, கூட 0.15, அதிகபட்சம் நொடிக்கு 80 டிகிரி. நாற்காலி திரையில் நொடிக்கு 20 டிகிரி ஓடினால் கண் 16.55 ஓடும். விழித்திரையில் வழுக்குவது 3.45 மட்டும். சலுகை சொற்பம். மோஷன் பிளர் போட்டால் அது தனி, அங்கே விவரமே அழிந்துவிடுவதால் தாராளமாகக் குறைக்கலாம்.

விதை எண்ணை எல்லா ஃப்ரேமுக்கும் ஒன்றாக வைத்தால், நாய்ஸ் திரையில் ஒட்டி நிற்க, காட்சி அதன் பின்னால் ஓடும். அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல. மாற்றி வைத்தால் டினாய்சர் திட்டுகள் கொதிக்கும். மாற்றி வைப்பதே மேல், ஆனால் சுவருக்கு நிலைப்படத்தைவிடக் கூடுதல் சாம்பிள் கொடுங்கள்.

சுவர்க்கோழி | 15-02-2025, மாலை 5:12

நிலைப்படத்துலயே இன்னொண்ணு. டம்ளருக்குக் கீழ மேஜையில விழற ஒளிக்கீற்று 0.03ல பாதி காணோம். 0.01ல இருந்தது.

அரைநிழல் | 15-02-2025, மாலை 6:40

இது கண்ணின் குற்றமில்லை, விதியின் குற்றம். அந்த ஒளிக்கீற்றுக்கு வழி கண்டுபிடிக்கும் கதிர் அபூர்வம். முதல் சில சாம்பிளில் ஒன்றும் படாவிட்டால் இரண்டு சராசரியும் ஒன்றாகவே இருக்கும், "பிழை இல்லை" என்று பிக்சல் தூங்கிவிடும். நிறுத்தும் முடிவுக்கும் விடைக்கும் ஒரே சாம்பிளைப் பயன்படுத்தினால் விடை ஒரு பக்கம் சாயும் என்று கிர்க்கும் ஆர்வோவும் 1991-லேயே எழுதினார்கள். மினிமம் சாம்பிளைத் தானியங்கியில் விடாமல் 128 வையுங்கள். மேஜைக்கு அதுவும் போதாவிட்டால் அந்தப் பகுதிக்கு மட்டும் அடாப்டிவை (இந்த நிறுத்த விதியை) அணைத்து, சுவருக்குச் செய்த அதே ஒட்டுவேலை.

ஒப்பிட ஃபிளிப் (இரண்டு படங்களின் வித்தியாசத்தைக் கண் பார்க்கும் விதத்தில் அளக்கும் கருவி) பயன்படுத்தினால், அதன் இயல்பு மதிப்பு டிகிரிக்கு 67 பிக்சல்: 0.7 மீட்டர் அகல 4கே திரையை 0.7 மீட்டர் தூரத்தில் பார்ப்பதாக எடுத்துக்கொள்ளும். 38 என்று மாற்றாமல் ஓட்டினால் உங்கள் திட்டுகளை அது மன்னித்துவிடும்.

ஓரக்கண் | 15-02-2025, இரவு 10:20

இவ்ளோ பாடுபட்டு நாய்ஸை எடுத்தா, சுவர்ல வெயில் மங்கற இடத்துல பட்டை பட்டையா வரிக்கோடு வருமே, அதுக்கு?

அரைநிழல் | 15-02-2025, இரவு 10:45

8 பிட் பட்டை. ஒரு படி வித்தியாசம்தான், ஆனால் நீளமான விளிம்பு, கண் விடாது. மருந்து, சேமிக்கும்போது ஒரு படி அளவுக்கு நாய்ஸ் தூவுவது. ஆம், எடுத்ததைத் திரும்பப் போட வேண்டும். பிளெண்டரில் டிதர் என்று ஒரு பெட்டி இருக்கிறது, 1.0-இல் விடுங்கள்.

சுவர்க்கோழி | 18-02-2025, இரவு 9:30

முடிச்சாச்சு. பொது 0.03, மினிமம் 128, சுவர் 0.006 போர்ட்டலோட, டினாய்சர் 70:30, டிதர் 1. மொத்தம் 19 நிமிஷம். வாடிக்கையாளர் 55 அங்குல டிவியில 2 மீட்டர் தூரத்துலேருந்து பாப்பார். 1080லயே கொடுக்கறேன். அங்க டிகிரிக்கு எவ்வளவு வரும்?

அரைநிழல் | 18-02-2025, இரவு 9:52

அகலம் 121.8 செ.மீ., பிக்சல் 0.634 மி.மீ., 2 மீட்டரில் டிகிரி 3.49 செ.மீ. ஆக 55 பிக்சல். உங்கள் மேஜையைவிடத் தாராளம், தூங்கலாம்.

ஓரக்கண் | 18-02-2025, இரவு 10:01

அவர் எழுந்து வந்து சுவர்ல விரல் வெச்சுக் காட்டுவாரு பாருங்க.

அரைநிழல் | 18-02-2025, இரவு 10:04

40 செ.மீ. என்றால் 11 பிக்சல். டிவிக்கு முன்னால் ஒரு மேஜையைப் போட்டுவிடுங்கள்.